வேலிக்காலில் பெருந்துளை வேண்டாம்

தோட்டத்து வாயிலுக்குக் கதவு போட வசதியில்லாத சிறு விவசாயிகள், இரு மரக்கால்களில் துளையிட்டுக் கழிகளைச் செருகி அடைப்பது சிக்கனமான முறையே. ஆனால், கழி எளிதாக நுழையட்டும் என்று துளையைப் பெரிதாக்குவது சிக்கனம் ஆகாது. 6 அங்குலக் கனமுள்ள காலில் 4 அங்குலத் துளை போட்டால், இருபுறமும் மிஞ்சுவது ஓர் அங்குலமே. மாடு முட்டினால் கால் பிளந்துவிடும். துளையில் மழைநீர் தங்கினால் உள்மரம் உளுத்துப்போகும். ஒரே இரவில் மாடுகள் புகுந்து மேய்ந்துவிட்டால், பல மாத உழைப்பு பாழாகும்.

எனவே, துளை காலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அதற்கேற்பக் கழியின் நுனியைச் சீவிக்கொள்ளலாம். வைரம் பாய்ந்த காலாகத் தேர்ந்து, தலைப்பிலிருந்தும் தரைமட்டத்திலிருந்தும் ஓரடி தள்ளித் துளையிட வேண்டும். நடுவதற்கு முன்பே துளையின் உட்புறம் தார் பூசிவிட்டால், அடிக்கடி கால் மாற்றும் செலவு மிச்சமாகும்.