முதலில் நிழல், பிறகு மோட்டார்

மாலை 4 மணிக்கு உங்கள் வீட்டில் மேற்குப் பார்த்த சன்னலின் திரைச்சீலையைத் தொட்டுப் பாருங்கள், சுடும். திரை வெயிலைத் தடுத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. திரை அதை வெப்பமாக மாற்றி அறைக்குள்ளேயே விடுகிறது. சூரிய ஒளியை எளிதில் உள்ளே விடும் கண்ணாடி, சூடான பொருள்கள் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களை அப்படி வெளியே விடுவதில்லை. அந்த வெப்பத்தை வெளியேற்றும் வேலை குளிர்சாதனத்துக்கு, கட்டணம் நமக்கு.

இப்போது கைப்பேசியில் இயங்கும் திரைகளும், வெயிலை உணர்ந்து தாமே இறங்கும் திரைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. இவை தேவையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், வெயிலை வெளியே நிறுத்தாத கட்டடத்தில் மோட்டார் பொருத்துவது, ஓட்டை வாளிக்குத் தங்கப்பிடி போடுவது போன்றது.

நம் ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 1.5 பாகையில் இருக்கிறது. நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து அதிகம் விலகுவதில்லை. அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களில் சன்னலுக்கு மேல் ஒரு மீட்டர் நீளும் விதானம், ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்துக்கு நிழல் தரும். மேற்குச் சுவரின் கதை வேறு. மாலை 5 மணிக்குச் சூரியன் தொடுவானிலிருந்து சுமார் 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது சுவருக்கு நேராக வெயில் அடித்தால், அதே விதானம் சுமார் 58 சென்டிமீட்டரை மட்டுமே மறைக்கும். மேற்குச் சன்னலுக்கு ஏற்றி இறக்கக்கூடிய மறைப்பு தேவைப்படுவது இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டு கட்டிய கட்டடம் நம் நாட்டிலேயே உண்டு. 2010இல் கட்டி முடிக்கப்பட்ட, புத்ராஜெயாவில் உள்ள எரிசக்தி ஆணையத்தின் தலைமையகத்தை 'வைரக் கட்டடம்' என்பார்கள். அதன் சுவர்கள் கீழ்நோக்கி 25 பாகை உட்புறமாகச் சாய்ந்திருப்பதால், கட்டடம் தனக்குத் தானே நிழல் தருகிறது. தானியங்கித் திரைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நடுமுற்றத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உள்ள அந்தத் திரைகள், ஒளியில் சுமார் 30 விழுக்காட்டை மட்டும் ஊடுருவ விடுகின்றன. காலை, நண்பகல், மாலை என மூன்று விதமான கட்டுப்பாட்டில், 15 நிமிடங்களுக்கு ஒருமுறை அவை தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. பகலில் விளக்கின் தேவை குறைகிறது.

அங்கே தானியக்கம் ஏன் தேவை? காலையில் கண் கூசுகிறதென்று திரையை இறக்குகிறோம். வெயில் நகர்ந்த பிறகும் அதை ஏற்றுவதில்லை; மூடிய அறையில் விளக்கைப் போட்டுக்கொள்கிறோம். அலுவலகம், மண்டபம், வகுப்பறை போன்ற பொது இடங்களில் திரையை ஏற்றுவது யாருடைய வேலையும் இல்லை. அத்தகைய இடங்களில் மோட்டாரும் உணரியும் தம் செலவுக்கு நியாயம் செய்யும். வீட்டில் ஒரு கயிறே போதும்.

பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் தொங்கிய மூங்கில் தட்டிகளைப் பாருங்கள். வெயில் ஏறினால் கடைக்காரர் இறக்குவார், சாய்ந்தால் சுருட்டிவிடுவார். மறைப்பு வெளியே, இயக்கம் கையில். அறிவியல் முறைப்படி அது சரியான ஏற்பாடு.

2025 சனவரி முதல் நடப்பிலுள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் பெரிய அலுவலகக் கட்டடங்களைக் கவனித்துக்கொள்கிறது. நாம் வாங்கும் வீட்டையும், நம் பிள்ளைகளின் வகுப்பறைகளையும் நாம்தான் கவனிக்க வேண்டும். புது வீடு பார்க்கப் போகும்போது, குளிர்சாதனம் எத்தனை என்று கேட்பதற்கு முன், மேற்கே எத்தனை சன்னல், அவற்றுக்கு வெளியே என்ன மறைப்பு என்று கேளுங்கள். பள்ளியில் புதிய கட்டடம் எழும்பும்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதே கேள்வியை எழுப்புங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால், பதிலாக மின்கட்டணம்தான் வரும்.