எல்லையில் வைத்தியப் பரீட்சையா? தீட்டுக் கழிப்பா?

இலங்கையிலிருந்து உயிர் பிழைக்கக் கடல் தாண்டி வருகின்ற மக்களைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது ஒரு பேச்சு தவறாமல் வருகின்றது. "வருகிறவர்களைக் கரையிலேயே நிறுத்தி, நன்றாய்ப் பரீட்சை செய்து, சுத்தப்படுத்தி, ஊருக்கு வெளியே முகாமில் வைக்க வேண்டும்" என்பதே அது. இப்படிச் சொல்லுகின்றவர்கள் துஷ்டர்கள் அல்லர். காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவிலும் சிதம்பரம் பஸ் நிலையத்திலும் நியாயமாய்ப் பிழைத்து வருகின்ற மனிதர்களே இப்படிச் சொல்லுகின்றார்கள். ஆதலால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம்.

பரீட்சை செய்ய வேண்டுமென்பதில் நமக்குச் சிறிதும் ஆட்சேபணை இல்லை. கூட்டமாய் வரும் ஜனங்களிடம் காலராவோ, காசமோ, அம்மையோ இருக்கின்றதா என்று டாக்டர் பார்ப்பது பகுத்தறிவுக்கு ஒத்த காரியமேயாகும். நோய் என்பது கிருமியால் வருவதே தவிர மாரியாத்தாளின் கோபத்தால் வருவதல்ல என்று சொல்லுகின்ற நாம் அதை எப்படி மறுக்க முடியும்? ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், "சுத்தப்படுத்தி" என்கின்றாயே, அது எந்த அசுத்தத்தை? "ஊருக்கு வெளியே" என்கின்றாயே, அது எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது? ஊருக்கு வெளியே வைப்பது என்கிற சிகிச்சையை இந்த நாட்டில் எந்த நோய்க்கும் முன்னால் ஒரு ஜாதிக்கல்லவா செய்து வந்தார்கள்?

இந்தத் தாலூகாக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. நந்தன் பிறந்த ஆதனூர் கொள்ளிடக் கரையில் நம் பக்கத்து ஊர்தான் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளுகின்றவர்கள் இங்கே ஏராளம். அந்த நந்தன் சிதம்பரத்துக்குப் போனபோது என்ன நடந்ததாகப் புராணம் சொல்லுகின்றது? எல்லையிலேயே நின்றுவிட்டான். ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே போக வழியில்லை. கடைசியில் நெருப்பு மூட்டச் சொல்லி அதில் இறக்கித்தான் அவனை உள்ளே விட்டார்களாம். அவனுக்குக் காய்ச்சல் இருந்ததா, பேதி இருந்ததா என்று எவனும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. அவனிடமிருந்த நோய் அவன் பிறப்பு. அதற்கு மருந்து நெருப்பு. கதையை நம்பச் சொல்லவில்லை. கதையை எழுதினவர்களின் புத்தியைப் பார்க்கச் சொல்லுகின்றோம். எல்லையில் ஒரு மனிதனை நிறுத்தினால் முதலில் எதைச் சோதிக்கத் தோன்றியது என்பதை அது காட்டுகின்றது.

வெள்ளைக்காரன் வந்தபின் நெருப்பு போய்விட்டது, மருந்து வந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். வந்தது வாஸ்தவம். ஆனால் யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகின்ற நம் ஏழை ஜனங்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கைச் சர்க்கார் நடத்திய முகாம் அது. கங்காணி தோட்டத்து நம்பர் அடித்த தகர வில்லையைக் கொடுத்து அழைத்து வந்த ஆட்களை அங்கே நாட்கணக்கில் அடைத்து, துணிமணிகளுக்குக் கிருமி நாசம் செய்து, அம்மை குத்தி, அதன் பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். அதே ரயிலில் மேல்வகுப்பில் வந்த துரையும் வக்கீலும் வட்டிக்கடைக்காரரும் டாக்டருக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போட்மெயிலிலேயே போய்க் கப்பலேறினார்கள். காலராக் கிருமி உடம்பில் புகுந்தபின் நோய் வெளியே தெரியச் சில மணி முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆகையால் அத்தனை நாள் நிறுத்திவைப்பதற்கு ஒரு நியாயமுண்டு. ஆனால் அந்தக் கிருமி முதல் வகுப்பு டிக்கட்டைக் கண்டால் மரியாதை செய்து விலகிப் போகுமென்று எந்த டாக்டர் கண்டுபிடித்தார்?

இதில் இன்னொரு வேடிக்கையுமுண்டு. அப்படிப் போனவர்களின் சந்ததியாரை 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தால் இலங்கைச் சர்க்கார் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளுவதென்று ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதுபோல் பங்கு போட்டார்கள். அவர்கள் கப்பலில் வந்து எங்கே இறங்கினார்கள்? பாட்டன் போன அதே மண்டபத்திலேதான் பேரன் வந்து வரிசையில் நின்றான். பிறகு 1983 ஜூலைக் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களும் அதே மண்டபத்துக்கே வந்தார்கள். அந்த வருஷம் முதல் இதுவரை வந்தவர்களின் தொகை 3 லட்சத்துக்கும் மேல். நூறு வருஷமாய் ஒரே வாசல். போகும்போதும் தமிழன் அழுக்கன், வரும்போதும் தமிழன் அழுக்கன் என்றால் இந்த அழுக்கு எங்கேதான் ஒட்டிக்கொள்ளுகின்றது?

நிற்க, இதெல்லாம் பழைய கதையென்று தள்ளிவிட முடியாது. 2020-ல் கொரோனா வந்தது. அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆகாய விமானத்தில் வந்தவர்கள். ஆனால் அந்த மார்ச்சு மாதக் கடைசியில் உத்தரப்பிரதேசத்துப் பரேலியில், வேலை போய் ஊர் திரும்பிய கூலிகளைத் தெருவில் குந்தவைத்து, பெண்டு பிள்ளைகளென்றும் பாராமல், கிருமிநாசினி மருந்தைக் குழாயால் அவர்கள் தலையில் அடித்தார்கள். விமான நிலையத்தில் இறங்கிய ஒரு கனவான் தலையிலாவது அப்படி அடித்ததுண்டா? அந்த மருந்து தரையைக் கழுவுகின்ற மருந்து. மனிதனுக்குள்ளிருக்கும் கிருமியை அது ஒன்றும் செய்யாது, கண்ணையும் தோலையும்தான் எரிக்கும். நந்தனுக்கு மூட்டிய நெருப்பு இப்போது டப்பாவில் வருகின்றது என்றே சொல்ல வேண்டும்.

நம் ஜில்லாவும் அந்த வருஷம் ஒரு பாடம் படித்தது. மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து மூட்டை தூக்குகின்ற தொழிலாளிகள் கூட்டங்கூட்டமாய்க் கடலூர் ஜில்லாவுக்குத் திரும்பினார்கள். அவர்களில் பலருக்கு நோய் இருந்தது. அவர்களைத் தனியே வைத்துப் பரீட்சித்தது சரியான காரியமே. ஆனால் நோய் இல்லையென்று டாக்டர் சீட்டுக் கொடுத்த பிறகும் டீக்கடையில் கிளாஸ் கொடுக்கத் தயங்குகின்றவனுக்கு என்ன பெயர் கொடுப்பது? அவன் கிருமியைக் கண்டு பயப்பட்டவனா, ஆளைக் கண்டு அருவருத்தவனா? நோய்க்கு வைக்கும் தனிமைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. தீட்டுக்கு மாத்திரமே முடிவு நாள் கிடையாது. இரண்டையும் பிரித்தறிய இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

இனி, "நோய் கொண்டுவருவார்கள்" என்கிற பயத்தைச் சற்றுத் திறந்து பார்ப்போம். இலங்கை 2016-ம் வருஷத்தில் மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்று பெற்றுவிட்டது. யானைக்கால் நோயை ஒழித்ததற்கும் அதே வருஷத்தில் சான்று பெற்றது. இந்தியாவோ இந்த இரண்டில் ஒன்றுக்குக்கூட இன்னும் அந்தச் சான்று பெறவில்லை. யானைக்கால் நம் கடலூர், சிதம்பரம் பக்கத்துக்கு அந்நியமான நோயா? ஆகவே படகில் வருகின்றவன் மலேரியாவைக் கொண்டுவருவானோ என்று நாம் நடுங்குவதைக் காட்டிலும், நம் முகாமின் சாக்கடைக் கொசு அவனுக்குக் கொடுத்துவிடுமோ என்று அவனல்லவா நடுங்க வேண்டும்? உண்மையில் அப்படி வருகின்ற குடும்பத்துக்கு வருகின்ற ஆபத்து என்ன? சுமார் 30 கிலோமீட்டர் கடலில் திறந்த படகு, வெயில், உப்புக் காற்று, குடிக்கத் தண்ணீரின்மை, குழந்தைக்கு வாந்தி பேதி, கிழவருக்கு நீரிழிவு மாத்திரை தீர்ந்துபோனது. இவைதான். இவற்றுக்கு வேண்டியது போலீஸ் வளையமல்ல. ஒரு சொம்பு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை.

இது நாம் கற்பனை செய்து சொல்லுவதல்ல. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடி ஜனங்கள் ஓடிவந்தபோது, மேற்கு வங்காள எல்லையில் பன்காவ்ம் என்ற ஊரில் காலரா வெடித்தது. ஆஸ்பத்திரித் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றுகின்ற உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனோபிஸ் என்ற டாக்டர் என்ன செய்தார்? சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, தாய்மாரையும் உறவினரையுமே குவளையால் மொண்டு நோயாளிக்குக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவர் சிகிச்சை செய்தவர்களில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் பொட்டலமாக விற்கின்ற உப்புச் சர்க்கரைத் தண்ணீர் உலகத்தில் பரவ ஒரு பெரிய காரணம் அந்த அகதி முகாமேயாகும். கவனியுங்கள்: அவர் அகதியை நோய் மூட்டையாகப் பார்க்கவில்லை, நோயாளிக்கு வைத்தியம் செய்கின்ற உதவியாளனாகவே அவனைப் பார்த்தார். அதனால் உலகத்துக்கே மருந்து கிடைத்தது. தில்லையில் மூட்டிய நெருப்பினால் உலகத்துக்கு என்ன கிடைத்தது?

இப்போது நம் கரைக்கு வருவோம். 2022-ல் இலங்கையில் பணம் செல்லாக்காசாகி, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். மார்ச்சு 22-ந் தேதி முதல் குடும்பங்கள் படகேறி வந்தன. அவர்களில் சிலரை அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட்டான். கைக்குழந்தையோடு தண்ணீரின்றிக் கிடந்தவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டுக் கொண்டுவந்தது. மீட்டவர்களைப் பாராட்டுகின்றோம். ஆனால் அடுத்தது என்ன? விசாரணை, பாஸ்போர்ட்டு சட்டம், கோர்ட்டு. அதற்கப்புறமே மண்டபம் முகாமில் சேர்க்கப்பட்டார்கள். பசித்து வந்தவன் பாஸ்போர்ட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம்!

அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு கிழவனும் கிழவியும் தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கடற்கரையில் நினைவற்றுக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சில நாளில் கிழவி இறந்துபோனாள். அந்தக் கோயில் என்ன கோயில் தெரியுமா? இலங்கையிலிருந்து ஓடிவந்த விபீஷணனுக்கு ராமன் அடைக்கலம் கொடுத்த இடமென்று பக்தர்களுக்குக் காட்டுகின்ற கோயில். சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுக்க வந்தவனுக்கு அந்தக் கரையில் பட்டாபிஷேகம்; ஒரு பாவமும் அறியாமல் கஞ்சிக்கு வந்த கிழவிக்கு அந்தக் கரையில் மணல். அந்த வழியே நாள்தோறும் எத்தனை யாத்திரிகர் கார்களும் வேன்களும் போகின்றன! அவற்றை நிறுத்திக் காசு வசூலிக்க ஆள் உண்டு. நினைவிழந்து கிடப்பவரைப் பார்க்க ஒரு வைத்திய உதவிக் கொட்டகை வைக்க மாத்திரம் நம் தர்மிஷ்டர்களுக்கு மனம் வருவதில்லை.

பரீட்சைகளில் இன்னும் ஒன்று பாக்கியிருக்கின்றது. அது மதப் பரீட்சை. 2019-ல் டில்லி சர்க்கார் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வருகின்றவன் இந்துவா, சீக்கியனா, பௌத்தனா, ஜைனனா, பார்சியா, கிறிஸ்தவனா என்று பார்க்கின்றது, முஸ்லிமானால் கதவடைக்கின்றது. சரி, இந்துவுக்காவது கதவு திறந்ததா? திருநீறும் தேவாரமுமாக வாழ்ந்த யாழ்ப்பாணத்தானுக்கும் மலையகத்தானுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. இலங்கை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. "இந்து, இந்து" என்று மேடையில் அழுகின்றவர்களின் கண்ணீர் எந்தக் கடலுக்குப் போயிற்று? 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட்டு இல்லாததற்காகத் தண்டிப்பதில்லையென்று ஒரு உத்தரவு போட்டார்கள். நல்லது. தண்டனை இல்லையென்பது உரிமை உண்டென்பதாகுமா? அதற்குப் பின் 2022-ல் படகேறி வந்தவர்களுக்கு அந்த நல்லதும் இல்லை.

மண்டபத்திலிருந்து முகாம்களுக்குக் கொண்டுபோனதன் பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். 2021-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். நம் ஜில்லாவில் குறிஞ்சிப்பாடி முதலிய இடங்களிலும் முகாமுண்டு. அந்த வருஷம் ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் "அகதிகள் முகாம்" என்ற பெயரை மாற்றி "மறுவாழ்வு முகாம்" என்று இனி சொல்ல வேண்டுமென்றார். பாழடைந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாகவும் சட்டசபையில் சொன்னார். பெயர் மாற்றத்தை நாம் வரவேற்கின்றோம். பெயருக்கும் மதிப்புண்டு என்பதைச் "சேரி" என்று அழைக்கப்பட்டவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பலகையில் எழுத்தை மாற்றுவது சர்க்காரால் ஆகும்; கிணற்றடியிலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் "முகாம் பையன்" என்று கூப்பிடுகின்ற வாயை மாற்றுவது உங்களால்தான் ஆக வேண்டும். நாற்பது வருஷமாய் அந்த முகாமில் பிறந்து வளர்ந்து, வீராணம் ஏரித் தண்ணீரையும் காவிரி நெல்லையும் தின்று, உங்களோடு கல்லுடைத்து, பெயிண்டு அடித்து, கொத்து வேலை செய்கின்றவனை இன்னும் எந்த டாக்டர் பரீட்சிக்க வேண்டுமென்று காத்திருக்கின்றீர்கள்?

ஆதலால் நாம் கேட்பது இது. அரிச்சல்முனையிலும் ராமேசுவரக் கரையிலும் படகு வரும் காலங்களில் டாக்டரும் மருத்துவச்சியும் ஆம்புலன்சு வண்டியும் முன்னாடியே நிற்க வேண்டும். போலீஸ் நோட்டுப் புத்தகம் அவர்களுக்குப் பின்னால் நிற்கட்டும். வருகின்றவருக்கு முதலில் தண்ணீர், பிறகு வைத்தியம், பிறகு சோறு, அதன்பின் கேள்வி. நோய் கண்டால் ஆஸ்பத்திரி, குணமானால் வீடு. ஒவ்வொருவருக்கும் செய்த பரீட்சையையும் கொடுத்த மருந்தையும் எழுதின சீட்டை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். முகாமுக்கு முகாம் மறுபடி மறுபடி அழுக்குத் தேடக் கூடாது. குடும்பத்தைப் பிரித்து வேறு வேறு வண்டியில் ஏற்றக் கூடாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இரவில் பஸ்ஸில் நிறுத்திக்கொண்டு ஜில்லா ஜில்லாவாய் அலைக்கக் கூடாது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், குறிஞ்சிப்பாடித் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு அனுப்பலாம். கையெழுத்து வாங்கப் போகும்போது முதல் வீடு முகாமிலேயே இருக்கட்டும். அங்கே கொடுக்கிற டீயை மறுக்காமல் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.