பந்தைத் தொடாத மாதங்கள்

"வெளையாடறவ வெளையாட்டோட நிக்கோணும். மீட்டிங்கெல்லாம் அவளுக்கு எதுக்குங்க?"

சேலம், நாமக்கல் பக்கம் பெண்கள் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் விளையாட்டுக்கு எதிரிகள் இல்லை. விடியற்காலையில் மகளை சிமென்ட் கோர்ட்டில் இறக்கிவிட்டுப் போகும் அப்பாக்கள், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்கள், போட்டி நடத்த நன்கொடை தரும் ரிக் வண்டி முதலாளிகள். இவர்கள் கணக்கில் ஆட்டக்காரிக்கு ஆண்டில் இரண்டே காலம்தான்: ஆடும் காலம், ஓய்வெடுக்கும் காலம். சீசன் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் போய், கோரிக்கை வைத்து, அறிக்கை விடுகிற ஆட்டக்காரி அவர்கள் கண்ணுக்குத் தடம் மாறிப்போனவள்.

அப்படிப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெக்கா ஒகுமிக்கே. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் ஆட்டக்காரிகள் சங்கத்துக்கு 2016 முதல் தலைவர். நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். அந்தச் சங்கம் 1998-இல் தொடங்கியது. ஒகுமிக்கே அதன் தலைமையில் இருந்த ஆண்டுகளில் சீசன் இல்லாத மாதங்களில் செய்த வேலையை வைத்துக்கொண்டு, நம்மூர் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம், சீசன் முடிந்தால் ஓய்வெடுக்க வேண்டும் என்பது. நல்ல யோசனைதான், ஓய்வு கிடைத்திருந்தால். டபிள்யூ.என்.பி.ஏ. சீசன் மே மாதம் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடியும். மிச்ச மாதங்களில் அந்த நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகள் ரஷ்யா, துருக்கி, சீனா என்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள், உள்ளூர்ச் சம்பளம் போதாமல். டயானா டௌராசி 2015-இல் சொந்த நாட்டு சீசனையே விட்டுவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லி, ரஷ்ய அணி பணம் கொடுத்தது. அந்தப் பணம் அமெரிக்க லீக் தந்த சம்பளத்தைவிடப் பல மடங்கு. பிரியானா ஸ்டூவர்ட் 2019 ஏப்ரலில் ஐரோப்பிய இறுதிப் போட்டியில் குதிகால் தசைநாண் அறுந்து, அந்த ஆண்டு அமெரிக்க சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, ஒன்பது ஆண்டு தண்டனை பெற்று, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். அவர் அங்கே போனது வேலைக்கு, அதுவும் நாம் "ஓய்வுக் காலம்" என்று பெயர் வைத்திருக்கும் மாதங்களில். ஓய்வு வேண்டும் என்றாலும் அதற்கு முதலில் யாராவது உட்கார்ந்து சம்பளம் பேசியாக வேண்டும்.

இரண்டாவது வாதம்தான் இங்கே அதிகம் செல்லுபடியாகிறது: அதையெல்லாம் நிர்வாகிகள் பார்த்துக்கொள்வார்கள்.

பார்த்துக்கொள்கிறார்களா? 2018 ஆகஸ்டில் லாஸ் வேகஸ் அணி, விமானங்கள் தாமதமாகி, ரத்தாகி, இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேல் வழியில் கிடந்து, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. உடம்பு தாங்காது, ஆடமாட்டோம் என்று ஆட்டக்காரிகள் சொன்னார்கள். லீக் அதைத் தோல்வியாக எழுதிக்கொண்டது. பணக்கார நாட்டில், தொழில்முறை லீக்கில் நடந்தது இது. நிர்வாகிகள் கொடியவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. விமான நிலையத் தரையில் படுத்துக் கிடப்பது அவர்கள் இல்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, லீக்கோடு இருந்த ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்வதாக ஒகுமிக்கேயின் சங்கம் அறிவித்தது. பிறகு ஓராண்டுக்கும் மேல் பேச்சுவார்த்தை. 2020 ஜனவரி 14-இல் புதிய ஒப்பந்தம் வெளியானபோது அதில் இருந்தவற்றைப் பாருங்கள்: விமானத்தில் கால் நீட்ட இடமுள்ள இருக்கை, வெளியூரில் ஆளுக்கொரு தனி அறை, மகப்பேறு விடுப்பில் முழுச் சம்பளம், பிள்ளை உள்ளவர்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு, குழந்தைப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 5,000 டாலர். உச்சச் சம்பளம் 1,17,500 டாலரிலிருந்து 2,15,000 ஆனது. இவற்றில் ஒன்றைக்கூட எந்த ஆண் நிர்வாகியும் தானாக யோசித்து எழுதியிருக்க மாட்டார். தாயான ஆட்டக்காரிக்கு இரண்டாவது அறை எதற்கு என்பது தாயான ஆட்டக்காரிக்குத்தான் தெரியும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் சகாரன்பூரில், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கபடிப் போட்டிக்கு வந்த பிள்ளைகளுக்கான சோற்றைக் கழிப்பறைத் தரையில் வைத்திருந்த காணொலி வெளியானது. வெளியான பிறகுதான் அதிகாரி மீது நடவடிக்கை. அது வடக்கே, நம்மூரில் நடக்காது என்று ஆறுதல் தேடுபவர்கள் 2023 ஜூனை நினைத்துக்கொள்ளட்டும். தேசிய பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் பிள்ளைகள் போகவே இல்லை. அழைப்பு வந்திருந்தது, மேசையில் கிடந்தது, உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போகவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவ, மாணவியரின் வாய்ப்பு பறிபோனது. பிறகு வழக்கம்போல ஒரு பணியிடை நீக்கம், ஒரு விளக்கம். தேசியப் போட்டிச் சான்றிதழ் என்பது இங்கே சட்டம் போட்டு மாட்டுகிற காகிதம் மட்டும் இல்லை என்பது பெற்றோருக்குத் தெரியும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கும், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அதுதான் திறவுகோல். வருடக்கணக்கில் விடியலில் எழுந்து ஓடியது ஒரு கடிதத்தால் வீணாகிறது. அந்தக் கடிதம் எங்கே நிற்கிறது என்று கேட்கும் உரிமையோடு ஒரு ஆட்டக்காரியோ முன்னாள் ஆட்டக்காரியோ அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால், கேட்டிருப்பாள். அவளுக்கு அது மகள் பிரச்சினை, தங்கை பிரச்சினை; கோப்பு எண் கிடையாது.

மூன்றாவது, கவனம் சிதறி ஆட்டம் கெட்டுவிடும் என்பது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒகுமிக்கே தலைவரானது 2016-இல். அதே ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரி விருது அவருக்கு. அதே ஆண்டு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், 3.1 விநாடி மிச்சமிருக்கையில், தடுக்கப்பட்ட தன் பந்தையே மறுபடி பிடித்துக் கூடைக்குள் போட்டு லாஸ் ஏஞ்சலஸை 77-76 என்று சாம்பியனாக்கியதும் அவர்தான். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆல் ஸ்டார் அணியில் இருந்தார்.

நான்காவது வாதத்தில் கொஞ்சம் சாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்கு என்ன சம்பளம் கேட்பது? வருமானம் வந்தால் தானாகத் தருவார்கள். பெண்கள் லீக் 1997-இல் தொடங்கியதிலிருந்து சராசரியாக ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று ஆண்கள் லீக்கின் ஆணையர் ஆடம் சில்வரே 2018-இல் சொன்னார். அப்படியிருந்தும் அந்த ஆண்டுதான் சங்கம் ஒப்பந்தத்தை முறித்தது. அப்போது அதைப் பேராசை என்றவர்கள் உண்டு. ஆனால் "வந்தால் தருவார்கள்" என்கிற பகுதியைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வந்தது. 2024 ஜூலையில் பெண்கள் லீக்கின் ஒளிபரப்பு உரிமை பதினோரு ஆண்டுக்கு 220 கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்டது. வருமானம் வந்துவிட்டது. அந்த ஆண்டு அரங்குகளை நிறைத்த கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். 2025-இல் லீக்கின் உச்சச் சம்பளமே இரண்டரை லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. தானாக யாரும் எதுவும் தரவில்லை. 2024 அக்டோபரில் சங்கம் மறுபடியும் ஒப்பந்தத்தை முறித்தது. 2025 ஜூலையில் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்க வந்த இரு அணி ஆட்டக்காரிகளும், எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்ற வாசகம் போட்ட சட்டையோடு கோர்ட்டில் நின்றார்கள். அக்டோபர் 31-உடன் முடிய வேண்டிய ஒப்பந்தம் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக 2026 ஜனவரிக்குள் போனது. அந்த மாதங்கள் முழுக்க ஒகுமிக்கேவுக்கு மேசைதான் கோர்ட்.

இதை நாமக்கல்காரருக்கு விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. முட்டைக்கு விலை தானாக வந்ததா? வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு நட்டத்தில் கிடந்த பண்ணையாளர்கள், 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கி, விலையை நாங்கள் சொல்கிறோம் என்றார்கள். இன்று "நாமக்கல் மண்டலம்" என்று செய்தியில் விலை வாசிக்கிறார்கள். 2025 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து கேஸ் டேங்கர் லாரிகள் தென்மாநிலங்களில் நின்றபோது, அதற்குத் தலைமை தாங்கிய சங்கம் இருப்பதும் நாமக்கல்லில்தான். அப்போது யாரும், லாரி ஓட்டறவங்க லாரியோட நிக்கோணும் என்று சொல்லவில்லை. கோழிக்கும் லாரிக்கும் சங்கம் சரி. பந்து ஆடும் பெண்ணுக்குச் சங்கம் என்றால் மட்டும் வாய் நீளம் என்றாகிவிடுகிறது.

ஐந்தாவது: அரசியல் கலந்துவிடும். கலக்கத்தான் செய்தது. 2020-இல் அட்லாண்டா அணியின் பங்கு உரிமையாளராகவும் அமெரிக்க செனட்டராகவும் இருந்த கெல்லி லோஃப்லர், ஆட்டக்காரிகளின் கறுப்பின உரிமைக் குரலை எதிர்த்தபோது, அவர்கள் அவரை எதிர்த்து நின்ற ராபியல் வார்னாக்குக்கு வாக்களிக்கச் சொல்லும் சட்டைகளை அணிந்தார்கள். 2021 ஜனவரியில் வார்னாக் ஜெயித்தார். எல்லா ஆட்டக்காரிகளும் இப்படி இறங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சங்கம் தேர்தல் வேலை செய்வதில் ஆபத்தும் இருக்கிறது, ஒரு தேர்தல் தோற்றால் அடுத்த பேச்சுவார்த்தை கசக்கும். ஆனால் இந்தியாவில் இந்த வாதத்தை முகம் கோணாமல் எப்படிச் சொல்கிறோம்? நம் விளையாட்டுச் சங்கங்களின் தலைமையில் கட்சிக்காரர்கள் இருப்பது புதிதா? இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்கு 2023-இல் தலைவரான ஆதவ் அர்ஜுனா முன்னாள் ஆட்டக்காரர், அரசியலிலும் இருப்பவர். இரண்டையும் ஒரு ஆண் சுமக்க முடியும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். பேசுவதற்கு மேசை இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் அதே 2023-இல் பார்த்தோம்: மல்யுத்த வீராங்கனைகள் சாக்ஷி மாலிக்கும் வினேஷ் போகட்டும் டெல்லி ஜந்தர் மந்தரில் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

கடைசியாக, அது அமெரிக்கா, நமக்கும் அதற்கும் என்ன என்பவர்கள். நம் கூடைப்பந்து ஆட்டக்காரிக்கு அப்படியொரு லீக் சம்பளம் கிடையாது என்பது உண்மை. அவளுக்கு ரயில்வே, மின்வாரியம், காவல்துறை வேலைதான் சம்பளம். சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணியின் கேப்டனானவர். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர். பிள்ளை பெற்ற பிறகு மறுபடி இந்திய அணிக்கு வந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் தெற்கு ரயில்வே ஊழியர். இந்த நாட்டில் மகப்பேறு விடுப்பு ஊழியருக்கு உண்டு, ஆட்டக்காரிக்கு என்று தனியாக எதுவும் இல்லை. வேலை கிடைக்காதவள் பிள்ளை பெற்றால் அவள் ஆட்டம் அதோடு சரி. ஒகுமிக்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மகப்பேறு விதியை நாமக்கல்லில் வைத்துப் படிக்க வேண்டியது இதனால்தான். அங்கே லீக் கொடுத்ததை இங்கே கொடுக்க வேண்டியது யார் என்ற கேள்வியை இன்னும் யாரும் கூட்டத்தில் எழுப்பவில்லை.

எழுப்ப இப்போது சட்டப்படியே இடம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியச் சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும், சிறந்த வீரர்களும் வீரர்கள் குழுவின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கிறது. டெல்லியில் எழுதியது மாவட்டச் சங்கம் வரை தானாக இறங்கி வராது. சேலத்திலும் நாமக்கல்லிலும் முழுப் பரீட்சை முடிந்து கோடைப் பயிற்சி முகாம் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்கள் இருக்கின்றன. பெரியகுளம், கரூர் என்று கூடைப்பந்துப் போட்டி பார்க்கப் போகிற மாதங்களும் அவைதான். முன்னாள் மாநில ஆட்டக்காரிகள் நாலைந்து பேர், கல்யாணமாகி ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ திருச்செங்கோட்டிலோ இருப்பவர்கள், அந்த மாதங்களில் மாவட்டச் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்து மூன்று விஷயம் கேட்கட்டும்: பெண்கள் அணி வெளியூர் போகும்போது உடன் வரும் பெண் மேலாளர் யார், தேர்வு டிரையல்ஸ் கடிதம் எந்தத் தேதியில் பள்ளிகளுக்குப் போனது, போன ஆண்டு வரவு செலவுக் கணக்கில் பெண்கள் அணிக்கு எவ்வளவு. பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும்.