போனில் வைத்தியம் பலிக்குமா? சூணாம்பேடு சொல்லும் பதில்

தொலைமருத்துவம் என்றதும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "இனி கிராமத்துக்கு டாக்டரே வேண்டாம், செல்போன் போதும்" என்பது ஒன்று. "தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்? ஏழை என்றால் டாக்டரைத் திரையில் காட்டி அனுப்பிவிடுவார்களா?" என்பது இன்னொன்று. இரண்டுமே முழு உண்மை இல்லை. ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம், செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செய்யூர் பக்கம் சூணாம்பேடு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2006ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. இஸ்ரோவின் சாட்டிலைட் இணைப்போடு ஒரு வேன் 42 கிராமங்களைச் சுற்றியது. வேனில் பயிற்சி பெற்ற பணியாளர்கள். படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர்கள் சென்னையில்!

பலன் என்ன? அந்த ஊர்களில் இருந்த 27,014 பெரியவர்களில் 23,380 பேருக்குப் பரிசோதனை நடந்தது. 1,138 பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் 1,001 பேருக்கு மேல்பரிசோதனை செய்ததில் 18.2 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு. இது ஆரம்பத்தில் வலிக்காது, பார்வை மங்கும்போதுதான் தெரியும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஒரே வருடத்தில் 9.3லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. 8.5 என்பதும் அதிகம்தான். ஆனாலும் நல்ல திசை. மேல்சிகிச்சைக்குச் சென்னை போக வேண்டி வந்தது 5 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்.

இதைச் சாதித்தது திரை மட்டும் அல்ல. வேன் போன பிறகும் சிகிச்சை தொடர, அதே பகுதியில் ஒரு சர்க்கரை நோய் மையம் இருந்தது. அதுதான் சூட்சுமம்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியிலும் இரண்டு வழிகள் உண்டு. 2019ல் வந்தது, சுகாதார நிலையத்தில் இருந்தபடி பெரிய டாக்டரிடம் பேசுவது. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில் வந்தது, வீட்டிலிருந்தே பேசுவது. இரண்டாவதற்குப் போன் வேண்டும், ஓடிபி வேண்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் கணவரோடு கடலுக்குப் போய்விட்டால் மீனவப் பெண் என்ன செய்வார்? முதல் வழியில் நர்ஸ் பக்கத்தில் இருந்து பிரஷர் பார்ப்பார், டாக்டர் கேட்பதைப் புரியவைப்பார். வசதியற்றவர்களுக்கு உதவுவது இதுதான்.

நெஞ்சுவலிக்குப் போன் வைத்தியம் ஆகாது, 108தான். வயிற்றுக் கட்டியை வீடியோவில் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் சர்க்கரையும் பிரஷரும் அப்படியில்லை. மாதாமாதம் பார்க்க வேண்டிய நோய்கள். ஒவ்வொரு முறையும் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. கூலியா மாத்திரையா என்று வந்தால் மாத்திரைதான் நிற்கும். பிறகு கண்ணும் காலும் சிறுநீரகமும் விலை கொடுக்கும்.

எனவே புதுப்புது ஆப்களை விட, ஊரில் ஒரு நர்ஸ், சரியாக வேலை செய்யும் பிரஷர் மிஷின், தீராத மாத்திரை ஸ்டாக், இவற்றுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். எந்தத் தொலைமருத்துவத் திட்டம் வந்தாலும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டாக்டர் போனை வைத்த பிறகு மாத்திரையை யார் தருவார்கள்?