தாய் மீது போடும் பழி

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று டெல்டா முழுக்க ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிகளிலும் கூட்டம் நடக்கும். பேசுகிறவர்களில் யாராவது ஒருவர் தவறாமல் இதைச் சொல்வார்: "இந்தக் காலத்துப் பெண்கள் அழகு குறைந்துவிடும் என்று தாய்ப்பால் கொடுப்பதில்லை. டப்பா பாலைக் கரைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நம் பாட்டிமார் நடவு நட்டுக்கொண்டே பத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள்." மேடைக்கு வெளியேயும் இதே பேச்சுதான். கல்யாண வீட்டில், பேருந்தில், மாமியார் மருமகள் சண்டையில் எல்லாம் இதைக் கேட்கலாம்.

நானும் தாய்ப்பாலின் கட்சிதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும், ஆறு மாதம் தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே சொன்ன பேச்சு தாய்ப்பாலை வளர்க்காது. பிள்ளையின் வயிற்றுக்கு எது போக வேண்டும் என்று பெரும்பாலும் முடிவெடுப்பது தாய் அல்ல. பிரசவ அறையும், வீட்டுப் பெரியவர்களும், கூலியும், மருந்துக்கடையும் முடிவெடுத்துவிட்டு அவள் பேரில் எழுதிவிடுகின்றன. அதனால் அந்தப் பேச்சைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அழகு என்ற காரணத்தில் தொடங்குகிறேன். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும், அதாவது 99 விழுக்காட்டுக்கு மேல், ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் நூற்றுக்கு 60 பேர்தான். மீதி 40 குழந்தைகளும் டாக்டரும் நர்சும் இருக்கும் கட்டடத்துக்குள் இருந்துகொண்டே அந்த முதல் மணி நேரத்தை இழந்திருக்கின்றன. பெற்று அரை மணி ஆன, எழுந்து உட்கார முடியாத ஒரு பெண் கண்ணாடி பார்த்தா இந்த முடிவை எடுத்திருப்பாள்? அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆப்பரேஷன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 60க்கும் மேல். தாயை ஓர் அறையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே நிற்கும் பாட்டி கையில் கொடுத்தால், பிள்ளை அழும். அழுத பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ டப்பா பாலோ போகும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆப்பரேஷனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் நின்று பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் மேசையிலிருந்து இறக்கிய சற்று நேரத்திலேயே மார்பில் போடலாம். அந்த ஒருவரை நிறுத்துவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு.

மார்பு தொய்வதற்குப் பால் கொடுப்பது காரணமும் இல்லை. கர்ப்பமும் வயதும்தான் காரணம். பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது நடக்கும். இதை இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

உண்மையில் நம் வீடுகளில் டப்பா திறக்கப்படுவது வேறொரு சொல்லால். "பால் பத்தல."

இந்தச் சொல்லை முதலில் சொல்வது தாய் அல்ல, பார்க்க வந்தவர்கள். "புள்ள வீறு வீறுன்னு கத்துதே, பால் ஊறலையாடி?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். மறுநாள் இன்னொருவர் கேட்பார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே நம்பிவிடுவாள். பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு பாலுக்கு மேல் கேட்பதில்லை. சீம்பாலும் அந்த அளவுதான் வரும், அது போதும். பால் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். ஆப்பரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். முதல் சில நாள் பெரும்பாலான குழந்தைகளின் எடை குறையும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைந்து இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிட்டால் பயமில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் பால் போதுமா என்பதற்கான கணக்கு. அழுகை கணக்கில்லை. பிள்ளை பசிக்கும் அழும், புழுக்கத்துக்கும் அழும், ஆள் வேண்டும் என்றும் அழும்.

சப்பச் சப்பத்தான் சுரக்கும். பிள்ளை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் சுரந்து பாலை உண்டாக்குகிறது, ஆக்சிடோசின் சுரந்து அதை வெளியே தள்ளுகிறது. ஒரு வேளை டப்பா பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாகாது, அடுத்த வேளைக்குச் சுரப்பு குறையும். குறைந்ததும் இன்னொரு வேளை டப்பா. இப்படிப் பத்து நாளில் "பால் பத்தல" என்ற சொல் உண்மையாகிவிடுகிறது. தாயின் உடம்பில் குறை இருந்து வந்த விளைவு இல்லை இது. உண்மையிலேயே சுரப்புக் குறைவாக உள்ள பெண்கள் சிலர் உண்டு. தைராய்டு கோளாறு, மார்பில் நடந்த அறுவை சிகிச்சை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு என்று காரணம் இருக்கும். அவர்களைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டும், பெரியம்மா போதாது.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூண்டும், நாகப்பட்டினம் பக்கத்துப் பால்சுறாப் புட்டும் நல்ல சாப்பாடு, கொடுங்கள். ஆனால் "தண்ணி குடிச்சா புள்ளைக்குச் சளி புடிக்கும்" என்று பெற்றவளுக்கு டம்ளர் கணக்கில் தண்ணீர் அளந்து கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தாகத்தோடு இருக்கும் பெண்ணிடம் பால் இல்லையே என்று கேட்பது அநியாயம்.

அடுத்தது பாட்டிமார். நடவு நட்டுக்கொண்டே பால் கொடுத்த பாட்டிமாரைப் பற்றி இத்தனை பெருமையாகப் பேசுகிறவர்கள் கீழத்தஞ்சையின் கதையை அறிந்துதான் பேசுகிறார்களா? பண்ணையாள் முறை இருந்த காலத்தில், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிய பெண், பிள்ளை அழுதாலும் நினைத்த நேரத்தில் கரையேற முடியாது. பண்ணையின் காரியக்காரர் கண் காட்ட வேண்டும். மார்பில் பால் கட்டி ரவிக்கை இல்லாத சேலையில் வழிய, குனிந்து நட்டுக்கொண்டிருந்த தாய்மாரின் கதை அந்தப் பகுதிச் சேரிகளில் தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. எதிர்த்துக் கேட்டவர்களுக்குச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலும் சவுக்கடியும் என்பதும் அதே மண்ணின் வரலாறு. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் எழுந்த பிறகுதான் அது மாறத் தொடங்கியது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டு கழித்தும் கூலிக்காகப் போராடியவர்களின் குடும்பங்கள் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

பாட்டிமார் பால் கொடுத்தார்கள் என்பது உண்மை. வேறு வழியில்லாமல், முதுகு ஒடிய, கிடைத்த இடைவெளியில் கொடுத்தார்கள். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் தம்பியை இடுப்பில் தூக்கி வயலுக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். பத்துப் பெற்ற பாட்டிகளில் பத்தையும் வளர்த்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் வீட்டு அப்பாயியைக் கேளுங்கள், மண்ணுக்குக் கொடுத்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்வார். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. அந்தப் பழைய காலத்தைக் காட்டி இந்தக் காலத்துப் பெண்ணைக் குத்துவது பாட்டிக்கும் மரியாதை இல்லை, பேத்திக்கும் மரியாதை இல்லை.

இன்றைய நடவுப் பெண்ணின் நிலையைப் பாருங்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்கினால் நடவு, பிறகு களை, பிறகு சம்பா நடவு. இயந்திர நடவு வந்தபின் வேலை நாட்கள் சுருங்கிவிட்டன, கிடைக்கிற நாளை விட முடியாது. காலையில் இறங்கினால் பிற்பகலில்தான் கரையேற்றம். மருந்து தெளித்த வயலுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிப்போகவும் முடியாது. அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் பேறுகால விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 2017 சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம். நடவுப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மட்டும், அதுவும் தவணையாக, ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஆறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 3,000. கூலியை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று இந்தப் பணத்தால் சொல்ல முடியுமா?

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இதே கதை. கடையில் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. பாலைப் பீய்ச்சி வைக்க ஓர் அறையை அந்தப் பெண் யாரிடம் கேட்பாள்? 2015 ஆகஸ்டில் தமிழக அரசு 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நல்ல காரியம், நாட்டுக்கே முன்மாதிரி. ஆனால் பல ஊர்களில் அவை பூட்டிக் கிடப்பதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கமாக ஒரு பேச்சு நகரத்துப் படித்தவர்களிடம் கேட்கிறது: டப்பா பாலும் தாய்ப்பாலும் ஒன்றுதான், எது வசதியோ அதைச் செய்யலாம் என்று. இதையும் நான் ஏற்கவில்லை. பால்மாவு கிருமி நீக்கிய பொருள் இல்லை. கொதித்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறிவிடாத தண்ணீரில் கரைக்க வேண்டும், பிறகு ஆற வைத்து உடனே கொடுக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். மூன்று நாலு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் மாவு தேவை. 400 கிராம் டப்பா நாலு நாள் வரும். மாதத்துக்கு ஏழு டப்பாவுக்கு மேல், ஒரு டப்பா 400 ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட அந்த 3,000 ரூபாய். டப்பாவை இழுத்துப் பிடிக்க ஒரு கரண்டி குறைத்துத் தண்ணீரைக் கூட்டும் வீட்டில் பிள்ளை மெலிகிறது. பசும்பாலில் தண்ணீர் கலந்து ஆறு மாதத்துக்குள் கொடுப்பது இன்னும் கெடுதல். ரத்தசோகைக்கு அது நேர்வழி. பெலாரஸ் நாட்டில் 1990களில் பதினேழாயிரம் தாய் சேய் இணைகளை வைத்து நடந்த ஆய்வில், பாலூட்டுவதற்கு ஆஸ்பத்திரியிலேயே உதவி கிடைத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நோய்கள் தெளிவாகக் குறைந்தன. உடல் பருமனும் ஆஸ்துமாவும் குறையவில்லை. ஆகவே தாய்ப்பால் குடித்தால் எந்த நோயும் அண்டாது என்று மேடையில் அளக்க வேண்டாம். டப்பா பால் குடித்த பிள்ளைக்குப் பாசம் இருக்காது என்பதும் பொய். தாய்ப்பால் கொடுக்க, வயிற்றுப்போக்கு குறைவது ஒன்றே போதுமான காரணம்.

1992இல் இந்தியா ஒரு கடுமையான சட்டம் போட்டது, 2003இல் இன்னும் இறுக்கியது. பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, இலவச டப்பா கூடாது, டாக்டருக்கோ நர்சுக்கோ பரிசு கூடாது, டப்பாவில் குழந்தைப் படம்கூடக் கூடாது. அப்படியும் ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் காரணம் சொல்லாமல் ஒரு டப்பாவின் பெயர் எழுதியிருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

உண்மையிலேயே தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்கள் உண்டு. கலாக்டோசீமியா என்ற பிறவி நோயால் எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளாத குழந்தை, புற்றுநோய் மருந்து ஏற்றும் தாய், தாயை இழந்த பிள்ளை. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. 1989இல் மும்பை சயன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது, இன்று தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைகளில் வங்கிப் பால் கிடைக்காதவர்களுக்கு டப்பா பால் உயிர் காக்கும். அதைக் கரைக்கும் கையைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். புட்டி மட்டும் வேண்டாம். நம் வீட்டுப் பாலாடை கழுவ எளிது, குழந்தைநல மருத்துவர்களே குறைமாதப் பிள்ளைக்கு அதைத்தான் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய் பீய்ச்சி வைத்த பாலையும் வீட்டில் இருப்பவர் நாலு மணி நேரத்துக்குள் அதே பாலாடையில் புகட்டலாம்.

மரக்கால் நெல்லுக்கும் அரை ரூபாய்க் கூலிக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதிய பழைய தஞ்சை மாவட்டம் இது. அந்தச் சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சில், கைக்குழந்தைக்காரிக்கு நடுவில் கரையேறும் நேரத்தையும் கூலியோடு எழுதி வாங்க வேண்டும். நிலமில்லாத பெண்ணுக்கு ஆறு மாதக் கூலி அளவுக்குப் பேறுகால உதவியை அரசு உயர்த்த வேண்டும். நிலம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறவர்களில் பால் கொடுக்கும் தாய் இருந்தால், இடையில் இரண்டு முறை வீட்டுக்குப் போய்வர அவளை அனுப்புங்கள். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள்.