முதல் நட்டம் யார் வீட்டில்?

  

ரேஷன் கடையில் இறக்குமதிப் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் கொடு என்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடப் போகிறோம். கூடுவோம், கோஷம் போடுவோம், மனுக் கொடுப்போம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் போட்டபோது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "அந்நியச் சரக்கு வேண்டாம்னு சொல்றீங்க, சரிதானுங்க. அது விலை கம்மியா கிடைக்குதே! அதை விட்டா நட்டம் யாருக்குங்க?"

நியாயமான கேள்வி. கேட்டவரை அதட்டி உட்கார வைத்துவிட்டுப் போராட்டம் நடத்த முடியாது. இந்தக் கேள்விக்கு, நாம் மஞ்சள் கொண்டுபோய்ப் போடுகிற ஈரோட்டிலேயே நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு மண்டிக் குடும்பம் பதில் சொல்லியிருக்கிறது. வெள்ளைக்காரன் சரக்கு வேண்டாம் என்று நாடு சொன்ன காலம் அது. அந்தக் குடும்பத்தின் வரவு செலவைப் புரட்டிப் பார்ப்போம்.

கூலியில் தொடங்கிய மண்டி

ஈரோடு வெங்கட்ட நாயக்கர் பிறக்கும்போதே பணக்காரர் அல்ல. சிறு வயதில் கூலி வேலைக்குப் போனவர். வண்டி ஓட்டி, சிறு மளிகைக் கடை வைத்து, மனைவி சின்னத்தாயம்மாளும் கூட நின்று பாடுபட்டு, கடைசியில் ஈரோட்டில் பேர் சொல்லும் மண்டி வியாபாரி ஆனார். அவருடைய இளைய மகன்தான் 1879-ல் பிறந்த ராமசாமி. பின்னாளில் நாடே பெரியார் என்று அழைத்த அதே ஈ.வெ.ரா.

பன்னிரண்டு வயதிலேயே அவர் மண்டியில் உட்கார்ந்துவிட்டார். சரக்குக்கு விலை பேசவும் ஏலம் கூறவும் அங்கேதான் கற்றார். 1911-ல் தகப்பனார் காலமான பிறகு வியாபாரமும் பெருகியது, ஊர்ப் பொறுப்புகளும் பெருகின. ஈரோடு நகரசபைத் தலைவர் உட்பட 29 பொதுப் பதவிகள் அவர் கையில் இருந்தன. வெள்ளைக்கார ஆட்சியில் ஒரு வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதிகாரி மரியாதை தருவான். சரக்கு ஓடும். பிள்ளை குட்டிகளுக்குச் சொத்து சேரும். பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1919-ல் பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். 1920-ல் காந்தியார் ஒத்துழையாமையை அறிவித்தார். அந்நியத் துணியை விடு, வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போகாதே, பட்டத்தைத் திருப்பிக் கொடு என்பது கட்டளை. மற்றவர்களுக்கு அது மேடைப் பேச்சாக இருக்கலாம். மண்டிக்காரருக்கு அது ஒவ்வொன்றும் காசு.

நட்டக் கணக்கு

ஒன்று, வியாபாரம். இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போக வேண்டும் என்பதால் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த வியாபாரத்தையே நிறுத்தினார். ஓடுகிற மண்டியைச் சாத்துவது என்ன என்று மண்டி வாசலில் மூட்டையோடு காத்திருந்த நமக்குத் தெரியும். வாடிக்கை ஒருமுறை போனால் திரும்பி வராது.

இரண்டு, வராத கடன். மண்டி என்றால் ஊரெல்லாம் பாக்கி இருக்கும். கொடுக்காதவன் மேல் கோர்ட்டில் பிராது கொடுத்துத்தான் வசூலிக்க வேண்டும். கோர்ட்டே வேண்டாம் என்ற பிறகு யாரிடம் போவது? சுமார் 50,000 ரூபாய் பெறுமான பத்திரங்கள் அவரிடம் இருந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்து 50,000! அப்போது சேலம் விஜயராகவாச்சாரியார், பேர்போன வக்கீல், ஒரு யோசனை சொன்னார். பத்திரங்களை என் பேருக்கு மாற்றிக் கொடுங்கள், நான் வசூலித்துத் தருகிறேன் என்றார். சட்டப்படி தப்பில்லை. கொள்கையும் வெளிப்பார்வைக்கு நின்றுவிடும். ஆனால் ஈ.வெ.ரா. ஒப்பவில்லை. நான் போகாத கோர்ட்டுக்கு என் பணம் மட்டும் வேறொருவர் பேரில் போவதா என்று விட்டுவிட்டார். பணம் போச்சு.

மூன்று, துணி. பருத்தி விளைவது நம் காட்டில், துணி வருவது லங்காஷயர் ஆலையிலிருந்து என்று இருந்த காலம். வசதியான வீட்டில் சீமைத் துணிதான் மரியாதை. அந்த வீட்டில் எல்லோரும் கதருக்கு மாறினார்கள். மனைவி நாகம்மையார், தங்கை கண்ணம்மாள், தள்ளாத வயதில் இருந்த தாயார் சின்னத்தாயம்மாள் வரை கதர். அன்றைய கதர் முரடு, பாரம். மெல்லிய சேலை கட்டிப் பழகிய உடம்பு முதலில் எரிந்திருக்கும். போதாததற்கு, மூட்டைக்கு விலை சொன்ன மனிதர் கதர் மூட்டையைத் தன் தோளில் தூக்கி ஊர் ஊராக விற்றார். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தைத் திறந்து வைத்தவரும் அவர்தான். நூற்பும் நெசவும் அங்கே ஏழைகளுக்குப் பிழைப்பாகின.

நான்கு, தென்னை. இதைத் தென்னை விவசாயிகள் நிதானமாகப் படிக்க வேண்டும். கள்ளுக்கடை ஏலப் பணம் அன்று சர்க்காருக்குப் பெரிய வருமானம். அந்த வருமானத்தை அடைக்க 1921-ல் கள்ளுக்கடை மறியல் வந்தது. ஈ.வெ.ரா. சேலம் தாதம்பட்டியில் தனக்குச் சொந்தமான தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கள் பற்றி நம் சங்கத்துக்கு வேறு கருத்து உண்டு, கள் இறக்கும் உரிமை வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மில் பலர். அது தனி வழக்கு. இங்கே நட்டத்தை மட்டும் பாருங்கள். ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் 500 மரம் ஏழு ஏக்கர் தோப்பு. ஒரு கன்று காய்க்கு வர ஆறேழு வருசம். வந்த பிறகு பிள்ளை காலம், பேரன் காலம் வரை காய்க்கும். அதைக் கோடாலி கொண்டு வெட்டினார். பக்கத்துத் தோப்புக்காரரை வெட்டச் சொல்லிவிட்டுத் தன் மரத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. நம் மனசு அடித்துக்கொள்கிறது. அவர் மனசும் அடித்துக்கொண்டிருக்கும்.

ஐந்து, சிறை. ஈரோட்டு மறியலில் அவர் கைதாகி ஒரு மாதம் உள்ளே போனார். ஆண்பிள்ளை போனதும் அடங்கிவிடும் என்று சர்க்கார் நினைத்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் கடைத்தெருவுக்கு வந்து மறியலைத் தொடர்ந்தார்கள். தடை உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். இந்த இரண்டு பெண்களைப் பிடித்தால் பின்னால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்பார்கள் என்று தெரிந்ததும் தடையை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மறியலை நிறுத்தச் சொல்லிப் பெரிய மனிதர்கள் காந்தியாரிடம் பேசியபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களிடம் கேளுங்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

அந்தக் குடும்பம் கடைசிவரை அதே வழியில் இருந்ததா என்றால், இல்லை. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதால் 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். பின்னால் கதரையே கடுமையாக விமர்சித்தார். கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் நம் சங்கத்தில் உண்டு, அவருடைய மற்ற கருத்துகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஆண்டுகளின் நட்டத்தை அந்த வீடு தன் தலையில் சுமந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

விலை குறைத்து அடிப்பார்கள்

இன்னொரு பாடம் தூத்துக்குடியில் இருக்கிறது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 40,000 பங்கு, பங்கு 25 ரூபாய், மூலதனம் பத்து லட்சம். வியாபாரிகள் பங்கு வாங்கினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இன்னும் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. 1908-ல் சிதம்பரனாரைச் சிறையில் போட்டார்கள். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அந்நியன் முதலில் நம் மேல் எறிவது மலிவு விலையைத்தான். மலிவாகக் கிடைக்கும் வரை நமக்கு இனிக்கும். நம் தொழில் படுத்த பிறகு விலை அவன் சொன்னதுதான்.

இன்றைய கணக்கு

நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பாமாயில் கப்பல் கப்பலாக இறங்குகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் பாமாயில். 2025 மே மாதம் 30-ஆம் தேதி கச்சாப் பாமாயிலுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக மத்திய அரசு குறைத்தது. வரி குறைந்தால் லாபம் யாருக்கு, அடி யாருக்கு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2023-ல் அரவைக் கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். அவல்பூந்துறை, பெருந்துறை, வெள்ளக்கோவில் என்று எந்த ஏலத்துக்குப் பருப்பு கொண்டு போனாலும் அந்த விலை கிடைக்கவில்லை. 2025-ல் விலை ஏறியது உண்மை. வெள்ளை ஈயும் வாடல் நோயும் காய்ப்பைத் தின்ற பிறகு ஏறிய விலை அது. மரத்தில் காய் இருந்தபோது விலை இல்லை, விலை வந்தபோது மரத்தில் காய் இல்லை. நிலையாக வாங்க ஒரு ஆள் இருந்தால்தான் இந்த ஆட்டம் நிற்கும். ரேஷன் கடைதான் அந்த ஆள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நட்டம் யாருக்கு?

நம் காட்டில் கூலிக்கு வருகிற அக்காவிடம் போய், பாமாயில் வாங்காதே என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அவர் வாங்குகிற கூலிக்கு அதுதான் கட்டும். அன்றைக்குக் கதரும் ஆலைத் துணியைவிட விலை கூடுதல்தான். அதனால் முதலில் உடுத்த வேண்டியது வசதி உள்ள வீடு. ஈரோட்டுக் குடும்பம் செய்தது அதுதான். இழக்க இருந்தவர்கள் முதலில் இழந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இழக்க எதுவும் இல்லாதவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். முதல் நட்டத்தை ஏழை தலையில் வைத்த பகிஷ்காரம் எதுவும் ஒரு வாரம் தாங்காது.

ஆகவே சங்கத்தின் சார்பில் நான்கு தீர்மானங்களை ஊர்க்கூட்டங்களில் வைக்கிறோம்.

1. சங்கப் பொறுப்பாளர்கள் வீட்டு அடுப்பிலும், அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கிடாவிருந்திலும் நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெய் மட்டுமே. சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

2. ஐந்து ஏக்கருக்கு மேல் தென்னை உள்ளவர்கள், ஏலத்துக்குக் கொண்டு போகும் பருப்பில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ ஊர்ப் பங்காக ஒதுக்க வேண்டும். நூறு கிலோ பருப்பு ஆட்டினால் அறுபது கிலோவுக்கு மேல் எண்ணெய் வரும். அதை ஆட்டுக்கூலிக்கு மட்டும் நம் ஊர்க் கூலிக் குடும்பங்களுக்குக் கொடுப்போம். பெரிய தோப்புக்காரர் தரும் பங்குதான் இதில் முதல் பங்கு.

3. தேங்காய் எண்ணெயில் பாமாயில் கலந்து விற்கும் கடைக்கு நம் பருப்பு போகாது. அடுத்தவன் நல்ல விலை தந்தாலும் போகாது.

4. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றையும் ஆதரவு விலைக்கு அரசே வாங்கி, மானியத்தில் ரேஷனில் கொடுக்கும் வரை போராட்டம் ஓயாது. மானியம் இப்போதும் தருகிறார்கள். அது கப்பலில் வரும் எண்ணெய்க்குப் போகிறது. நம் தோப்புக்கு வரட்டும் என்கிறோம்.

முதல் மூன்றும் நம் கையில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு நான்காவதைக் கேட்டால் அதிகாரி நம்மை மேலும் கீழும் பார்க்க முடியாது. "நீங்க என்ன எண்ணெய் வாங்கறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்கும்.

யாரும் மரத்தை வெட்ட வேண்டாம். கடையைச் சாத்த வேண்டாம். நூற்றுக்கு ஒரு கிலோதான் கேட்கிறோம். ஏழு ஏக்கர் தோப்பை வெட்டிச் சாய்த்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூட முடியாது என்று சொன்னால், ஆர்ப்பாட்டத்தில் நாம் போடும் கோஷத்துக்கு மதிப்பு இருக்காது.

ஆர்ப்பாட்ட நாளில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு தூக்குப்போசி நம் எண்ணெய் வர வேண்டும். பெண்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும். பந்தலில் சமைப்பதும் அந்த எண்ணெயில்தான்.

திரண்டு வாரீர்! எண்ணெயோடு வாரீர்!

கப்பல் எண்ணெய்க்கு மானியமா? களத்துக் கொப்பரைக்கு அவமானமா?
ரேஷனில் வேண்டும் நம் எண்ணெய்!
முதல் பங்கு நம் வீட்டிலிருந்து!

இவண்,
சங்கச் செயலாளர்
(ஊர்க்கிளைகள் அனைத்தின் சார்பாக)