தள்ளினால் கிளம்பாது

என் மருமகள் கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். மகன் கட்டாரில். ஜமாலியாவிலிருந்து காலை ஆறரைக்கு ஸ்கூட்டியை எடுத்தால்தான் சீனக்குடாவைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, மணியடிக்குமுன் போய்ச் சேரலாம். சென்ற மாரியில் ஒரு நாள், பிள்ளையையும் முன்னால் நிறுத்திக்கொண்டு, "மாமி, செல்ஃப் எடுக்குதில்ல" என்று முற்றத்தில் நின்றாள். கிக் பெடலை மிதிக்கலாம் என்றால் அது பாவனையில்லாமல் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. ஒழுங்கையிலிருந்த பொடியன்மார் நாலு பேர் கூடி, முனையிலிருந்து முனைவரை மூன்று தரம் தள்ளினார்கள். அவர்களுக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

சகோதரிகளே, கியர் உள்ள மோட்டார் சைக்கிளைத் தள்ளிக் கிளப்பலாம். கியர் இல்லாத ஸ்கூட்டியை எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாது. அதிலுள்ள கிளச், எஞ்சின் வேகமெடுத்துச் சுழலும்போது மட்டும்தான் விரிந்து பின் சில்லைப் பிடிக்கும். எஞ்சின் நின்றிருக்கையில் சில்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே யாரும் தள்ள வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அன்று அவள் ஆட்டோவில் போனாள். பின்னேரம் ஒரு கராஜில் பற்றரி செத்துவிட்டது என்றார்கள். புதிதாக ஒன்று போட்டாள். நாலாம் நாள் மறுபடியும் அதே கதை. எங்கள் அயலில், ஒரு காலத்தில் துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்த ஒரு காக்கா வந்து பார்த்தார். பற்றரியிலிருந்து இறங்கும் கறுப்பு வயர், வண்டியின் சட்டத்தில் பூட்டியிருந்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிப் பூட்டினார். உடனே எடுத்தது. பழைய பற்றரியைக் கராஜிலேயே விட்டுவிட்டு வந்தது அவளுக்கு இன்றைக்கும் மனக்குறை. மாதச் சம்பளத்தில் அது சின்னக் காசா?

எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடல். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ அதைத்தான் வயர் முனைகளையும் செய்கிறது. அதனால் கராஜுக்குப் போகுமுன் வீட்டிலேயே சிலதைப் பார்த்துவிடுங்கள்.

திறப்பைப் போட்டு, பிறேக்கைப் பிடித்து, பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறேக் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலான ஸ்கூட்டிகளில் செல்ஃப் மூச்சே விடாது. மற்றப் பக்கத்துப் பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள். சில புதிய வண்டிகளில் பக்கத்து ஸ்டாண்டை மடக்காவிட்டாலும் கிளம்பாது. பிறகு ஹோர்னை அடியுங்கள். சத்தம் நோயாளி முனகுவதுபோல் வந்தால் பற்றரியில் சார்ஜ் இல்லை. ஹோர்ன் உரத்து ஒலித்து, செல்ஃபை அமர்த்தியதும் "டிக்" என்று மட்டும் கேட்டால் இணைப்புகளில்தான் முதற் சந்தேகம். ஹோர்னுக்குக் கொஞ்ச மின்சாரம் போதும், செல்ஃப் மோட்டாருக்கோ அதைவிடப் பல மடங்கு வேண்டும். கறள் பிடித்த முனை அவ்வளவையும் விடாது. திறப்பை எடுத்துவிட்டு, கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். சுத்தம் செய்தபின் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் உப்பு அண்டாது. கிக் உள்ள வண்டியானால் கிழமைக்கொரு தரம் நடு ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்துப் பழகுங்கள். அபாயாவின் ஓரத்தை முதலில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் அது வேறு நோய். பெற்றோல் இருக்கிறதா? முள்ளை நம்பாமல் வண்டியை ஆட்டிச் சத்தம் கேளுங்கள். பெற்றோல் வாடை மூக்கில் அடித்தால் எஞ்சினுக்குள் அது அதிகமாகப் போய்விட்டது என்று அர்த்தம். சோக் போடாமல், அக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு சில தரம் மிதித்தால் காய்ந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கபில நிறமாயிருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பழைய பற்பிரஷால் தேய்க்கலாம். அடுப்பும் நெருப்பும் பக்கத்தில் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். பிளக் ஸ்பேனர் பெரும்பாலும் வண்டியோடு வந்திருக்கும். சீற்றுக்கு அடியில் தேடுங்கள், அங்கே மழைக்கோட்டுக்குக் கீழே கிடக்கும்.

பெற்றோல் பழசாகும் என்பதைப் பலர் 2022இல்தான் படித்தார்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நாம் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அந்த ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்குமுன் எத்தனையோ ஸ்கூட்டிகள் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தன. காபரேட்டருக்குள் நின்ற பெற்றோலில் ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிஞ்சியது பிசினாகி, ஊசித் துவாரங்களை அடைத்துவிட்டது. பிறகு புதுப் பெற்றோல் ஊற்றியும் வண்டிகள் எழும்பவில்லை. நீண்ட நாள் வண்டியை நிறுத்துவதானால் காபரேட்டரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி உள்ளிருப்பதை வடியவிடச் சொல்லுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த வேலை இல்லை. திறப்பைத் திருப்பியதும் சில வினாடி பம்பின் ரீங்காரம் கேட்கிறதா என்று மட்டும் காது கொடுங்கள்.

மாரிக்காலத்துக்கு ஒரு வார்த்தை. மழையில் நனைந்து நின்ற வண்டியென்றால் பிளக் தொப்பியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த சீலையால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் முற்றத்தில் வெள்ளம் ஏறி, காற்று வடிகட்டிவரை வண்டி மூழ்கியிருந்தால் செல்ஃபைத் தொடவே கூடாது, கிக்கையும் மிதிக்கக் கூடாது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. உள்ளே தண்ணீரோடு பிஸ்டன் மேலெழுந்தால் அதைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். உருட்டியோ லொறியில் ஏற்றியோ கராஜுக்கு அனுப்புங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை மறக்காமல் சொல்லியனுப்புங்கள்.